மூன்று போன்களும் ஒரு மணிக்கட்டும்

ஒரே விலையில் மூன்று போன்கள் எதிரெதிரே நிற்கும்போதுதான் தேர்வு கடினமாகிறது. இருபதாயிரமா எண்பதாயிரமா என்ற கேள்வியைக் கையிருப்பே தீர்த்துவிடும். ஆகவே இந்த அத்தியாயத்துக்கு உண்மையில் நடந்த ஒரு மும்முனைப் போட்டியை எடுத்துக்கொள்கிறேன். 2023 செப்டம்பரில் ஐபோன் 15 வந்தது. அடுத்த மாதமே கூகுளின் பிக்சல் 8. 2024 ஜனவரியில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24. இந்தியாவில் அறிமுக விலை ஐபோனுக்கு 79,900 ரூபாய், பிக்சலுக்கு 75,999 ரூபாய். எஸ்24-ம் அதே 75 முதல் 80 ஆயிரத்துக்குள். மூன்றுக்கும் திரை ஆறு அங்குலத்துக்குச் சற்றே மேல். ஒரு கையில் அடங்குபவை. புதிய மாடல்கள் வந்துவிட்டதால் இவை விலை இறங்கியும் செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கின்றன. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மூன்று வேறாக இருக்கலாம். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்ற வரிசை மாறாது.

விளம்பரங்கள் மெகாபிக்சலில் தொடங்கும். நீங்கள் ஆண்டுகளில் தொடங்குங்கள். இந்த போன் எத்தனை ஆண்டு பாதுகாப்பாக ஓடும்? பிக்சல் 8 வந்தபோது ஏழு ஆண்டுகளுக்கு அப்டேட் தருவதாகக் கூகுள் அறிவித்தது. அதாவது 2030 அக்டோபர் வரை. மூன்று மாதம் கழித்து எஸ்24-க்குச் சாம்சங்கும் அதே ஏழு ஆண்டுகளைச் சொன்னது. ஆப்பிள் இதை விளம்பரத்தில் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் அதன் பழக்கம் தெரிந்ததுதான்: 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், 2024-இல் வெளியான ஐஓஎஸ் 18 வரை பெற்றது. ஆக மூன்றும் இதில் ஏறக்குறைய சமம். விலை குறைந்த போன்களில் பல மாடல்களுக்கு இரண்டு ஆண்ட்ராய்டு பதிப்புகளோடு கதை முடிந்துவிடும். கவனிக்க வேண்டிய இன்னொன்று: இந்தக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. இரண்டு வருடம் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால், அந்த இரண்டு வருடத்தையும் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கிச் செயலியையும் யுபிஐயையும் வைத்திருக்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆண்டு தெரிந்துவிட்டால் விலையை அதனால் வகுத்துப் பாருங்கள். 78,000 ரூபாய் போனை ஆறு வருடம் வைத்திருந்தால் வருடத்துக்கு 13,000. நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவு தனி. 20,000 ரூபாய் போனை இரண்டே வருடத்தில் மாற்றினால் வருடத்துக்கு 10,000. அதையே நான்கு வருடம் ஓட்டினால் 5,000. விலை உயர்ந்த போன் எப்படிக் கணக்குப் போட்டாலும் மலிவாகிவிடாது. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் பழக்கம் சின்ன போனையும் பெரிய செலவாக்குகிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும். எண்பதாயிரம் என்ற எண்ணைக் கண்டு தயங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் நடுத்தர விலை. 2025 மார்ச்சில் வந்த கேலக்ஸி ஏ36, ஏ56 போன்களுக்கு ஆறு ஆண்டு அப்டேட்டைச் சாம்சங் அறிவித்தது. மேல்தட்டு போன்களுக்கு மட்டுமே இருந்த ஆயுள், இப்போது பாதி விலைக்கும் கீழே வந்திருக்கிறது.

போனின் ஆயுளை முடிவு செய்யும் இன்னொரு பொருள் பேட்டரி. ஐபோன் 15-இல் 3,349 எம்ஏஎச், எஸ்24-இல் 4,000, பிக்சல் 8-இல் 4,575. அளவு பெரிதென்றால் அதிக நேரம் ஓடும் என்று நேரடியாக முடிவு கட்ட முடியாது. சிப் எவ்வளவு சிக்கனமாக மின்சாரம் எடுக்கிறது என்பதும் சேர்ந்தது. நாள் முழுக்க வெளியே சுற்றுகிறவருக்கு இந்த மூன்றுமே கொஞ்சம் போதாதவைதான். ஒன்பிளஸ் 13 போல 6,000 எம்ஏஎச் பேட்டரியும் 100 வாட் சார்ஜிங்கும் தரும் போன்கள் இந்த விஷயத்தில் இவற்றைத் தெளிவாக முந்துகின்றன. எஸ்24 எடுத்துக்கொள்வது 25 வாட் மட்டுமே.

தேய்மானத்தைப் பற்றி ஆப்பிள் ஒரு எண்ணைத் தருகிறது. ஐபோன் 15 முதலான போன்களின் பேட்டரி, ஆயிரம் முழுச் சார்ஜுக்குப் பிறகும் தன் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது. 14 வரையிலான போன்களுக்கு அது ஐந்நூறு. இது சரியான சூழ்நிலைக்குச் சொன்ன கணக்கு. லித்தியம் அயன் பேட்டரிக்குப் பெரிய எதிரி வெப்பம். மே மாத வெயிலில் பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, மேப் ஓடவிட்டு, கூடவே சார்ஜும் போட்டுக்கொண்டு போகிறவர்கள் பேட்டரியைத் தினமும் வதைக்கிறார்கள். சூடு எல்லை மீறினால் போன் தானே திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். அதைக் கோளாறு என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம், நிழலில் வைத்தால் போதும். இன்னொன்று: அதிக அதிர்வுள்ள மோட்டார் சைக்கிளில் நேரடியாக மாட்டினால் ஐபோன் கேமராவின் ஃபோகஸும் ஆட்டத்தைச் சமன்செய்யும் அமைப்பும் கெடலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. அந்த அமைப்பு உள்ள எந்த போனுக்கும் இதைப் பொருத்திப் பார்ப்பது நல்லது. டெலிவரி வேலையில் இருப்பவர்கள் அதிர்வைத் தாங்கும் ஹோல்டருக்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம். வீட்டில் இரவு முழுக்கச் சார்ஜில் போடுகிறவர்கள், செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்து அதை இயக்கிவிடுங்கள்.

அடுத்து சிப். இங்கே யூடியூப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற எஸ்24-இல் இருந்தது ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3. இந்தியாவில் அறிமுகமான எஸ்24-இல் இருந்தது சாம்சங்கின் சொந்த எக்ஸினோஸ் 2400. பெயரும் உருவமும் ஒன்று, உள்ளே வேறு. அமெரிக்க விமர்சகர் சொல்லும் பேட்டரி நேரமும் சூடும் உங்கள் கைக்கு வரப்போகும் போனுடையவையாக இல்லாமல் இருக்கலாம். எஸ்24 அல்ட்ராவில் இந்தப் பிரச்சினை இல்லை, எங்கும் ஸ்னாப்டிராகன்தான். விமர்சனம் பார்ப்பதென்றால் இந்தியாவில் விற்ற போனை வைத்துச் செய்ததா என்று உறுதிப்படுத்திக்கொண்டு பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் அத்தை மகன் கொண்டுவரும் ஐபோனுக்கும் இது பொருந்தும்: ஐபோன் 14 முதல் அங்கே விற்கும் போன்களில் சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். உங்கள் சிம் நிறுவனம் இ-சிம் தருகிறதா என்று கேட்டுக்கொண்டு பணம் அனுப்புங்கள்.

இதே சிப் விஷயம் மலிவு போன்களில் வேறு வடிவில் வரும். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1-இல் தொடங்கியது. ஜியோ அமைத்தது ஸ்டாண்ட்அலோன் முறை, அதாவது 4ஜியின் துணை இல்லாமல் தனியாக ஓடும் 5ஜி. ஏர்டெல் 4ஜியின் மேல் ஏற்றிய முறையில் தொடங்கியது. 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜி, ஸ்டாண்ட்அலோனை மட்டுமே ஏற்கும் சிப்போடு வந்தது. ஜியோ சிம் போட்டால் 5ஜி வரும். ஏர்டெல் சிம் போட்டால் அன்றைய நிலையில் 4ஜிதான். பெட்டியின் மேல் பெரிதாக 5ஜி என்று அச்சிட்டிருந்தாலும் உங்கள் சிம்முக்கு அது கிடைக்குமா என்று கேட்டாக வேண்டும்.

கேமராவுக்கு வருவோம். 50, 108, 200 என்ற எண்கள் எடுத்த படத்தில் அப்படியே இருப்பதில்லை. 50 மெகாபிக்சல் சென்சார் நான்கு நான்கு பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கி ஏறக்குறைய 12 மெகாபிக்சல் படத்தைத் தருகிறது. 108 என்றால் ஒன்பது ஒன்பதாக, 200 என்றால் பதினாறு பதினாறாகச் சேர்த்தும் முடிவு அதே பன்னிரண்டுக்கு அருகில்தான். அப்படிச் சேர்ப்பதால் மங்கிய வெளிச்சத்தில் படம் தெளிவாகிறது. ஆகவே எண்ணை விட்டுவிடுங்கள். லென்ஸ்களைப் பாருங்கள். மூன்று போன்களிலும் முதன்மை கேமராவும் அகலக் கோணக் கேமராவும் உண்டு. எஸ்24-இல் மட்டும் மூன்று மடங்கு ஜூம் செய்யத் தனி லென்ஸ் இருக்கிறது. ஐபோன் 15-ம் பிக்சல் 8-ம் முதன்மை சென்சாரின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து ஜூம் தருகின்றன; இரண்டு மடங்கு வரை அது நன்றாகவே வரும். பள்ளி ஆண்டு விழாவில் பத்தாவது வரிசை நாற்காலியிலிருந்து மேடையில் ஆடும் மகளின் முகம் வேண்டுமென்றால், அந்தத் தனி லென்ஸ்தான் வேலைக்கு ஆகும். விலை குறைந்த போன்களின் பின்னால் எண்ணிக்கைக்காக ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் கேமராக்களை இல்லாதவையாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் ஒரு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஐபோன் 15 நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது, மற்ற இரண்டும் 120 வரை போகும். செய்தித்தாள் செயலியை விரலால் வேகமாக மேலே தள்ளிப் பாருங்கள். ஐபோனில் எழுத்துகள் லேசாக இழுபடும். ஆப்பிளின் சாதாரண மாடலுக்கு 120 ஹெர்ட்ஸ் 2025-இல் ஐபோன் 17-இல்தான் வந்தது. வியாபாரிகளுக்கு இன்னொரு வித்தியாசம் முக்கியம். ஐபோனில் அழைப்பைப் பதிவு செய்யும் வசதி 2024 அக்டோபரில் ஐஓஎஸ் 18.1-உடன்தான் வந்தது, பதிவாகிறது என்று இரு பக்கத்துக்கும் அறிவித்துவிட்டே தொடங்கும். தமிழ் தட்டச்சுக்கு ஐபோனில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே உண்டு. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டோ செல்லினமோ போட்டுக்கொள்ளலாம். மூன்றும் ஐபி68 தண்ணீர்த் தடுப்பு கொண்டவை, ஆனால் அது நல்ல தண்ணீரில் செய்த சோதனை. கடலில் நனைந்து கெட்டால் வாரண்டி கைகொடுக்காது.

கடையில் இதைச் செய்யுங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் போனைப் பார்த்து, “தம்பி, இதைக் கொஞ்சம் வாசல் வரைக்கும் கொண்டுபோய்ப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் கூடவே ஒருவரை அனுப்புவார்கள். வெயிலில் திரை தெரிகிறதா பாருங்கள். உள்ளே குழல் விளக்கின் கீழ் எல்லாத் திரையும் அழகுதான். கேமராவைத் திறந்து, போய்க்கொண்டிருக்கும் ஒரு ஸ்கூட்டரை எடுங்கள். பொத்தானைத் தொட்ட நேரத்துக்கும் படம் பதிவான நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பது படத்திலேயே தெரிந்துவிடும்: ஸ்கூட்டர் நடுவில் இருந்தால் நல்ல கேமரா, பின்சக்கரம் மட்டும் விழுந்திருந்தால் வீட்டில் ஓடி விளையாடும் குழந்தையும் அப்படித்தான் விழும். பிறகு கட்டைவிரலால் ஒரு நீளமான தமிழ் வரியை அடியுங்கள். உங்கள் கை அளவுக்கு போன் பொருந்துகிறதா என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

பணம் கொடுத்ததும் பெட்டியைப் பிரித்து *#06# அடித்து, திரையில் வரும் ஐஎம்இஐ எண்ணும் பெட்டியிலும் பில்லிலும் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் இதைப் பணம் கொடுக்கும் முன்னே செய்ய வேண்டும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு, ஐஎம்இஐ எண்ணை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த போனின் நிலவரம் பதிலாக வரும். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதாக இருந்தால் அதில் தெரிந்துவிடும். தொலைந்த போனை முடக்குவதற்கும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளமே வழி.

இந்த மூன்றில் நான் எதைச் சொல்வேன்? சிற்றூரிலோ நடுத்தர ஊரிலோ இருப்பவருக்கு எஸ்24. ஜூம் லென்ஸும் 120 ஹெர்ட்ஸும் காரணம், அதைவிடப் பெரிய காரணம் சாம்சங் சர்வீஸ் சென்டர் பக்கத்து ஊரிலாவது இருக்கும் என்பது. பிக்சல் 8 அருமையாகப் படம் எடுக்கும் போன், ஆனால் சர்வீஸ் மையங்கள் மற்ற இரண்டையும்விடக் குறைவு. பெருநகரத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே ஐபோன், மேக் இருப்பவர்களும் நிறைய வீடியோ எடுப்பவர்களும் ஐபோன் 15-க்குப் போகலாம். விற்கும்போது நல்ல விலை கிடைப்பதும் அதற்குத்தான்.

போன் முடிவான பிறகே வாட்சைப் பற்றி யோசிக்க வேண்டும். ஏனென்றால் ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டுமே சேரும். 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் சாம்சங் வாட்சுகள் ஐபோனோடு சேராது. வேறு ஆண்ட்ராய்டு போனோடு சேர்ந்தாலும் இசிஜி, ரத்த அழுத்தம் இரண்டும் சாம்சங் போன் இருந்தால்தான் முறைப்படி வேலை செய்யும். வாட்ச் வாங்குகிறவர் அடுத்த போனையும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

போன் இல்லாமல் இன்று நாள் நகராது. வாட்ச் அப்படிப்பட்ட பொருள் கிடையாது. அது காட்டும் எண்களில் எதைப் பார்த்து நீங்கள் எதை மாற்றிக்கொள்ளப் போகிறீர்கள்? இதற்குத் தெளிவான பதில் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு மாதத்தில் அது மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்துகொண்டால் எதை நம்புவது என்பது தெளிவாகும். விளக்கை அணைத்துவிட்டு வாட்சின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: பச்சை ஒளி சிமிட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளி குறைந்து கூடுகிறது. அதை எண்ணித்தான் நாடித்துடிப்பு சொல்கிறது. பட்டை தொளதொளவென்று இருந்து வெளிவெளிச்சம் புகுந்தால் கணக்கு தவறும். ஒரு துண்டை இறுகச் சுருட்டி அதில் வாட்சைக் கட்டிப் பாருங்கள். உயிரில்லாத துண்டுக்கும் நாடித்துடிப்பு காட்டும் வாட்சுகள் உண்டு. வரும் ஒளியிலிருந்து மென்பொருள் ஊகித்துச் சொல்வதே அந்த எண் என்பது அப்போது புரியும்.

நல்ல வாட்சுகளில் நாடித்துடிப்பு கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்தபோது ஆறில் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. ஆனால் எரிந்த கலோரி என்று சொன்ன கணக்கில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். ஆகவே வாட்ச் 400 கலோரி எரிந்தது என்று சொல்வதை நம்பி இரண்டு வடை கூடச் சாப்பிட வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கும் மருத்துவத்திலிருந்து வந்ததில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் அது. அமெரிக்காவில் வயதான பெண்களிடையே நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு அபாயம் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. அடிகளை எண்ண மட்டும் என்றால் இரண்டாயிரம் ரூபாய் பேண்ட் போதும். அழைப்பு வந்தால் மணிக்கட்டில் அதிர வேண்டும் என்பவருக்கும் அதே போதும். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கும், வார்டில் இருக்கும் செவிலியருக்கும், காது சரியாகக் கேளாதவருக்கும் அந்த அதிர்வு மட்டுமே பெரிய உதவி.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரை காட்டுவதாகச் சொல்லும் எந்த வாட்சையும் மோதிரத்தையும் நம்பாதீர்கள். அப்படி ஒரு கருவிக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. ரத்த அழுத்தமும் அப்படியே. சாம்சங் வாட்சில்கூட, கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியோடு 28 நாளுக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கருவி வீட்டில் இருக்கும்போது நேரடியாக அதிலேயே அளந்துவிடலாமே.

விலை உயர்ந்த வாட்சுக்கு உண்மையான நியாயம் இதயத்துடிப்பு ஒழுங்கின்மையைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற அந்த நிலை, பக்கவாதத்துக்கு ஒரு முக்கியக் காரணம். வந்து வந்து போவதால் மருத்துவர் அறையில் அகப்படாமல் போய்விடும். ஆப்பிள் வாட்சை வைத்து ஸ்டான்ஃபோர்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 4,19,000-க்கு மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு மட்டும். அவர்களில் பிறகு மார்பில் இசிஜி பட்டை ஒட்டித் திருப்பிக் கொடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு அந்த நிலை பதிவானது. ஆக எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம், ஆனால் அலட்சியமும் கூடாது. வாட்ச் எடுத்த இசிஜியை பிடிஎஃப்பாக அனுப்பி இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். இதில் ஓர் எல்லை உண்டு: வாட்சின் இசிஜி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது வாட்சில் எல்லாம் சரி என்று காட்டினாலும் 108-ஐத்தான் அழைக்க வேண்டும். விலை குறைந்த ஆப்பிள் வாட்ச் எஸ்இ-யில் இசிஜி கிடையாது என்பதையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

தனியாக இருக்கும் அப்பா, அம்மாவுக்காகப் பலர் வாட்ச் வாங்குகிறார்கள். ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4 முதல், கீழே விழுந்து சுமார் ஒரு நிமிடம் அசைவின்றிக் கிடந்தால் அவசர எண்ணை அழைத்து, நீங்கள் குறித்துவைத்த உறவினருக்கும் செய்தி அனுப்பும். நல்ல வசதி. ஆனால் பக்கத்தில் போன் இருக்க வேண்டும், இல்லையேல் செல்லுலார் வாட்சாக இருக்க வேண்டும். சாதாரண மாடல்களுக்கு ஆப்பிள் சொல்லும் பேட்டரி நேரம் 18 முதல் 24 மணி நேரம் அளவுக்குத்தான். தினமும் சார்ஜ் போட்டாக வேண்டும். வழுக்கி விழுவது பெரும்பாலும் குளியலறையில். குளிக்கப் போகும்போது கழற்றி வைக்கும் பழக்கமும், சார்ஜ் போட மறக்கும் பழக்கமும் அம்மாவுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பத்து நாள் ஓடும் எளிய வாட்ச், அல்லது குளியலறைச் சுவரில் ஒரு பிடிகம்பி, அதே பணத்துக்கு அதிகப் பாதுகாப்பு.

பழைய வாட்ச் வாங்குவதாக இருந்தால் விற்பவரை எதிரிலேயே வைத்துக்கொண்டு உங்கள் போனோடு இணைத்துப் பாருங்கள். ஆப்பிள் வாட்ச் முந்தையவரின் கணக்கோடு பூட்டியிருந்தால் அவருடைய பாஸ்வேர்டைக் கேட்கும். அதை நீக்கித் தரும் வரை பணம் கைமாறக் கூடாது. பிறகு பட்டையைக் கழற்றி, அடிப்பக்கக் கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சென்சார் இருப்பது அங்கேதான்.